எந்தத் திண்ணையிலிருந்து பார்ப்பது?

1952ஆம் ஆண்டுக் கோடையில், மைசூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் நிலத்தைச் சமன்படுத்த புல்டோசர் ஒன்று வந்தது. அதை ஓட்டியவர் வேலை நேரத்தில் இயந்திரத்தை ஓட்டினார். ஓய்வு நேரத்தில் ஊர்க்காரர்களுக்கு மந்திர வித்தைகள் செய்து காட்டினார். இரண்டிலும் கைதேர்ந்தவர். இரண்டுக்கும் இடையில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவேயில்லை. சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1966இல் வெளியிட்ட ‘நவீன இந்தியாவில் சமூக மாற்றம்’ பற்றிய ஆங்கில நூலில் வரும் சிறு குறிப்பு இது. புத்தகத்தில் சில வரிகளே. ஆனால் இயந்திரம் வந்தால் மந்திரம் போய்விடும் என்று நம்பிய அக்காலச் சமூகக் கோட்பாடுகளுக்கெல்லாம் அந்த ஓட்டுநர் ஒருவரே போதுமான பதிலாக இருந்தார். அவரை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ‘பழமையும் புதுமையும் கலந்த குழப்பம்’ தெரியும். அவர் தலைக்குள் குழப்பம் இல்லை. அப்படியானால் குழப்பம் யாருடையது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே ஏறத்தாழ 150 ஆண்டுகளாக ஒரு சிந்தனை மரபு வளர்ந்து வந்திருக்கிறது. அதைப் பொருள்கோள் சமூகவியல் என்று சொல்லலாம். மனிதர்கள் செய்வது என்ன என்று பதிவு செய்தால் மட்டும் போதாது. செய்கிறவருக்கு அந்தச் செயல் என்னவாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை விளக்க முடியும் என்பது அதன் அடிப்படை. கேட்பதற்கு இது யாரும் மறுக்காத சாதாரண விஷயம் போலத்தான் இருக்கிறது. அந்தப் பொருளை எங்கே தேடுவது என்பதில்தான் சண்டை. நூலிலா, பேசுகிறவரின் வாயிலா, ஊர்த்தலைவர் வீட்டுத் திண்ணையிலா, சேரியிலா? ஜெர்மனியின் நூலகங்களில் பிறந்த இந்த மரபு இக்கேள்விக்கு முகம்கொடுத்த இடங்களில் முக்கியமானவை பழைய மைசூர்ச் சீமையும் தஞ்சாவூர் வட்டாரமும் என்பது என் கருத்து. அங்கே தேறியதும் உண்டு, தோற்றதும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் இயற்கை விஞ்ஞானத்தின் கொடி பறந்துகொண்டிருந்தது. கல் ஏன் விழுகிறது என்பதற்கு விதி இருப்பதுபோல, மனிதர்கள் ஏன் நடந்துகொள்கிறபடி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கும் விதி கண்டுபிடித்துவிடலாம் என்று பிரான்ஸில் ஒகஸ்ட் கோம்தும் இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் நம்பினார்கள். ஜெர்மானிய வரலாற்றாசிரியர்களுக்கு இது ஒப்பவில்லை. யோஹான் குஸ்தாவ் டிராய்சன் இயற்கையை விளக்குவது வேறு, மனிதச் செயலைப் புரிந்துகொள்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். அவருக்குப்பின் வில்ஹெல்ம் தில்தாய் 1883இல் வெளியிட்ட நூலில் அந்தப் பிரிவினைக்கு ஒரு தத்துவ அடித்தளம் கட்டினார். கல்லுக்கு உள்நோக்கம் கிடையாது, மனிதனுக்கு உண்டு. நாமும் மனிதர்களாக இருப்பதால் அந்த உள்நோக்கத்தை எட்டிப்பிடிக்க வழி இருக்கிறது என்பது அவர் வாதம். வேதாகமத்துக்கும் பழைய நூல்களுக்கும் உரை காணும் முறையை ஒரு பொதுக் கலையாக வளர்த்த ஷ்லையர்மாக்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் தில்தாய்தான். பிரதிக்குப் பொருள் காண்பதுபோல வாழ்க்கைக்கும் பொருள் காணலாம் என்று அவர் கருதியதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதைச் சமூகவியலாக மாற்றியவர் மாக்ஸ் வேபர். 1864இல் பிறந்து 1920இல் மறைந்த வேபர், தில்தாயின் வழியை அப்படியே ஏற்கவில்லை. மற்றவர் மனதுக்குள் புகுந்து அவருடைய உணர்வை மறுபடி அனுபவிப்பது அவருக்குப் போதுமானதாகப் படவில்லை. அவர் தரும் ஓர் உதாரணம்: ஒருவர் விறகு வெட்டுகிறார். வெட்டுகிறார் என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் கூலிக்கு வெட்டுகிறாரா, தன் அடுப்புக்கா, உடற்பயிற்சிக்கா, யார் மீதோ உள்ள கோபத்தைக் கட்டையில் காட்டுகிறாரா? இது தெரியாமல் அந்தச் செயலை விளக்கியதாகச் சொல்ல முடியாது. அதே சமயம், ஒரு காரணம் நமக்குப் பொருத்தமாகத் தோன்றுவதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதிலும் வேபர் கறாராக இருந்தார். ஊகிக்கப்பட்ட நோக்கம் நிகழ்வுகளோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தாக வேண்டும். புரிதலும் காரணம் தேடலும் சேர்ந்தே நடக்க வேண்டும். பின்னாளில் இந்த மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுதிய பலர் இந்த இரண்டாவது பாதியை வசதியாக மறந்துவிட்டார்கள்.

முதலில் மறந்தவர் வேபரே என்று சொல்லலாம், அதுவும் இந்தியா விஷயத்தில். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு 1916, 1917 ஆண்டுகளில் ஓர் இதழில் வந்தது. அவர் இறந்தபின் 1921இல் நூலானது. வேபர் இந்தியாவுக்கு வந்ததில்லை. சமஸ்கிருத நூல்களின் மொழிபெயர்ப்புகள், அரசாங்க விவரக்குறிப்பு நூல்கள், 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஹைடல்பெர்கில் உட்கார்ந்தே எழுதினார். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் பார்த்தவற்றில் வியக்கத்தக்க அளவு சரியாகவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மையக் கருத்து ஒன்று இடறியது. கர்ம வினை, மறுபிறவி என்ற கோட்பாடு, தாழ்த்தப்பட்டவர்களைக்கூட இந்தப் பிறவியில் தங்கள் கடமையை ஒழுங்காகச் செய்து அடுத்த பிறவியில் உயரலாம் என்ற நம்பிக்கையில் கட்டிவைத்திருக்கிறது. அதனால் அமைப்பை உடைக்கும் உந்துதல் அங்கே பிறக்காது என்றார். செயலுக்குச் செய்கிறவர் தரும் பொருளைத் தேட வேண்டும் என்று சட்டம் போட்டவர், அந்தப் பொருளைச் செய்கிறவரிடம் கேட்காமல் பிராமண நூல்களில் எடுத்துக்கொண்டார்.

கேட்டவர் ஒருவர் உண்டு. பிரிட்டனில் பிறந்த மானிடவியலாளர் காத்லீன் கஃப், 1951க்கும் 1953க்கும் இடையில் தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். பள்ளர் தெருவில் ஒரு குழுவினரிடம், செத்தபின் ஆத்மா எங்கே போகிறது என்று விசாரித்தார். ஒரு பெரியவர் விழுந்துவிழுந்து சிரித்தாராம், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்களுக்குத் தெரியாது தாயே, உங்களுக்குத் தெரியுமா என்கிற தோரணையில் கேள்வியை அவர் பக்கமே திருப்பிவிட்டார்கள். ஒழுங்காக வேலை செய்தால் அடுத்த பிறவியில் உயர்ந்த குலம் கிடைக்கும் என்ற அக்கிரகாரத்து விளக்கம் அந்தத் தெருவில் செல்லுபடியாகவில்லை. அடங்கி நடந்ததற்கு அவர்களிடம் வேறு காரணங்கள் இருந்தன: நிலம் இல்லை, கூலியை நிர்ணயிப்பவர் மிராசுதார், எதிர்த்தால் அடி. இந்தச் சிரிப்பு, நூற்றுக்கணக்கான பக்கங்களில் கட்டிய ஒரு கோட்பாட்டின் அடிக்கல்லை அசைக்கிறது. இன்னொரு முனையில், அமெரிக்க மானிடவியலாளர் மில்டன் சிங்கர் 1964இல் சென்னையில் தொழிலதிபர்கள் 19 பேரைச் சந்தித்துப் பேசினார். ஆலை நடத்துவதற்கும் ஆசாரத்துக்கும் இடையே அவர்கள் மூச்சுத் திணறவில்லை. அலுவலகத்துக்கு ஒரு நடைமுறை, வீட்டுக்கு ஒரு நடைமுறை என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். புல்டோசர் ஓட்டுநருக்கும் அவர்களுக்கும் சொத்தில்தான் வித்தியாசம்.

ஆக, வேபரின் முறையை வைத்தே வேபரின் முடிவைத் திருத்தும் வேலை நடந்திருக்கிறது. அதில் பெரும் பங்கு ஸ்ரீநிவாஸுக்கு உண்டு. அவர் தன்னை வேபரின் வழிவந்தவராகச் சொல்லிக்கொண்டவர் அல்ல என்பது வேடிக்கை. 1916இல் மைசூரில் ஓர் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயில் ஜி. எஸ். குர்யேவிடம் படித்தார். 1945இல் ஆக்ஸ்ஃபோர்டு போனபோது அங்கே பேராசிரியராக இருந்தவர் ராட்கிளிஃப்-பிரவுன். சமூகத்தை உயிருள்ள உடல்போலக் கண்டு, ஒவ்வொரு வழக்கமும் அந்த உடலுக்கு என்ன பயன் செய்கிறது என்று பார்ப்பது அவர் பாணி. 1952இல் வெளிவந்த குடகு மக்களைப் பற்றிய ஸ்ரீநிவாஸின் நூலில் அந்த முத்திரை பளிச்சென்று தெரியும். ஆனால் 1946இல் அந்த நாற்காலிக்கு எவன்ஸ்-பிரிட்சார்ட் வந்துவிட்டார். இவர் 1950இல் ஆற்றிய புகழ்பெற்ற உரை ஒன்றில், சமூக மானிடவியல் இயற்கை விஞ்ஞானத்தைவிட வரலாற்றுக்கே நெருங்கியது, சமூகங்களை இயற்கை அமைப்புகளாகப் பார்க்காமல் அற அமைப்புகளாகப் பார்க்க வேண்டும் என்று அறிவித்தார். தில்தாய் எழுப்பிய குரல், சுற்றிவளைத்து ஆக்ஸ்ஃபோர்டு வழியாக மைசூருக்கு வந்து சேர்ந்தது என்று இதைச் சொன்னால் மிகையில்லை. ஸ்ரீநிவாஸுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் விரிவுரையாளர் பதவி தந்து, முதல் ஆண்டைக் களத்தில் கழிக்க அனுப்பி வைத்தவரும் எவன்ஸ்-பிரிட்சார்ட்தான்.

அப்படி 1948இல் போய்த் தங்கிய ஊருக்கு நூல்களில் அவர் வைத்த பெயர் ராம்புரா. ஊர்த்தலைவர் ஒக்கலிகர். அவருக்குச் சொந்தமான, மாடுகள் கட்டும் வீடு ஒன்றில் ஸ்ரீநிவாஸுக்கு இடம் கிடைத்தது. அங்கே நடந்த ஒரு சின்ன விஷயம், அவருடைய கோட்பாடுகளை எல்லாம்விட எனக்குப் பிடித்தது. ஸ்ரீநிவாஸ் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து முகச்சவரம் செய்துகொண்டார். ஊர்த்தலைவர் அதைக் கவனித்துக் கண்டித்தார். சவரம் தீட்டு, அதை முடித்துவிட்டுத்தானே குளிக்க வேண்டும், படித்த பிராமணருக்கு இதுகூடத் தெரியாதா என்று. ஆக்ஸ்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கி ஓராண்டுகூட ஆகாத பிராமணருக்கு ஆசாரம் கற்றுத்தருகிறார் ஒரு விவசாயி. ஆராய்ச்சியாளர் ஊரைக் கவனிப்பதற்கு முன் ஊர் ஆராய்ச்சியாளரைக் கவனித்து, ‘நீ இன்னார், இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டது. பொருள் காண வந்தவருக்கே ஊர் பொருள் கண்டுவிட்டது. இப்படிப்பட்ட தருணங்களைத் தவறாமல் எழுதிவைத்ததால்தான் ஸ்ரீநிவாஸ் இன்றும் படிக்கத் தகுந்தவராக இருக்கிறார்.

நூல்களில் நான்கு வருணம். களத்தில் எண்ணற்ற சாதிகள், அவற்றுக்கிடையே ஓயாத இழுபறி. நூலில் பிராமணர் மேலே. ராம்புராவில் நிலமும் எண்ணிக்கையும் உள்ள ஒக்கலிகர் கையில்தான் ஊர். ‘ஆதிக்க சாதி’ என்று நாம் இன்று தினமும் சொல்வதும், ‘வாக்கு வங்கி’ என்று டீக்கடையில் பேசுவதும் ஸ்ரீநிவாஸ் 1950களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. மூன்றாவதான ‘சமஸ்கிருதமயமாதல்’தான் அதிகச் சர்ச்சைக்கு உள்ளானது. கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதியின் உணவு, சடங்கு, பெயர்களை ஏற்றுத் தங்கள் இடத்தை உயர்த்த முயல்வதை அப்படி அழைத்தார். தமிழ்நாட்டில் இதற்கு நாடார் வரலாறு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். பூணூல் அணிந்தார்கள், க்ஷத்திரியர் என்று உரிமை கோரினார்கள். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோல்வி. வெளியிலிருந்து பார்த்தால் இது மேல்சாதியைக் காப்பியடித்தல். பெரியார் இயக்கம் இத்தகைய பூணூல் ஆசையைப் பார்ப்பனியத்துக்கு அடிபணிவது என்றே கண்டித்தது. அணிந்தவரைக் கேட்டால் வேறு கதை கிடைக்கலாம்: ‘உனக்குள்ள உரிமை எனக்கு ஏன் இல்லை’ என்ற சவால். செயல் ஒன்றுதான், பொருள் மூன்று. சில பத்தாண்டுகளில் அதே சமூகத்தின் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பூணூல் வெறும் பக்தியாகவோ வெறும் காப்பியாகவோ இருந்திருந்தால் இந்தத் திருப்பம் விளங்காது. உரிமைச் சண்டையின் ஒரு கருவியாக அது இருந்தது, கருவி பயன்படவில்லை என்றதும் மாற்றிக்கொண்டார்கள் என்று கொண்டால் விளங்குகிறது. வேபர் கேட்ட சரிபார்ப்பு இதுதான்: ஊகித்த பொருள் அடுத்து நடந்ததோடு பொருந்துகிறதா?

இங்கே வழக்கமான ஆட்சேபம் ஒன்று எழும். ‘ஆளுக்கொரு பொருள் சொல்லலாம் என்றால் இது விஞ்ஞானமா, கதையா?’ ஸ்ரீநிவாஸின் விஷயத்தில் இந்த ஆட்சேபத்துக்குக் கூடுதல் வலு உண்டு. 1970 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் எழுதிக்கொண்டிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீவைத்தார்கள். ராம்புரா குறிப்புகளைப் பகுத்து, ஒழுங்குபடுத்தி வைத்திருந்த மூன்று பிரதிகளும் ஒரே அறையில் இருந்து சேதமாயின. பல ஆண்டு உழைப்பு. நினைவிலிருந்தே எழுதுங்கள் என்று சோல் டாக்ஸ் என்ற மானிடவியலாளர் ஊக்கப்படுத்த, 1976இல் ‘நினைவிலுள்ள கிராமம்’ வெளிவந்தது. அட்டவணையும் குறிப்பும் கையில் இல்லாமல், 20 ஆண்டுகளுக்கு மேல் மனதில் ஊறிய ஓர் ஊர். அது சமூகவியலா, நாவலின் ஒன்றுவிட்ட தம்பியா என்று அப்போதே விவாதம் நடந்தது. ஸ்ரீநிவாஸ் ஆர். கே. நாராயணின் நெடுநாள் நண்பர் என்பதையும் சிலர் நினைவூட்டிக்கொண்டார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த ஆட்சேபத்துக்கான பதில் வேற்றூர்ச் சரக்கு அல்ல. திருக்குறளுக்கு மணக்குடவர் ஓர் உரை சொன்னார். பின்னால் வந்த பரிமேலழகர், பிறர் கொண்ட பாடத்தையும் பொருளையும் எடுத்துக்காட்டி, அது ஏன் பொருந்தாது என்று வாதிட்டு மறுக்கிறார். பரிமேலழகரை மறுத்து எழுதியவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆளுக்கொரு பொருள் சொல்லலாம்தான், ஆனால் எல்லாப் பொருளும் நிற்பதில்லை. முன்பின் இடம், இலக்கணம், வழக்கு என்று ஒவ்வொன்றாக உரசிப்பார்க்கும்போது சில உரைகள் உதிர்ந்துவிடுகின்றன. ஒரு சமூகத்தைப் பற்றிய விளக்கமும் அப்படியே. கஃப் கேட்ட சிரிப்பு, வேபரின் உரையை உதிர்த்த சான்று. ‘நினைவிலுள்ள கிராமம்’ சொல்வதை மறுக்க விரும்புகிறவர் அதே வட்டாரத்துக்குப் போய் வேறு சான்று கொண்டுவரலாம். கதையை அப்படி மறுக்க முடியாது. இயற்பியலின் துல்லியம் இதில் இல்லை என்பது உண்மை. துல்லியம் இல்லாத எல்லாமே தன்னிச்சை என்பது உண்மையில்லை.

இரண்டாவது ஆட்சேபம் எண்களின் பக்கத்திலிருந்து வருகிறது. பேச்சுக்கும் பொருளுக்கும் பதிலாக எண்ணிவிட்டால் சண்டை தீர்ந்துவிடாதா? கர்நாடகம் இதற்குப் பதிலைத் தன் சொந்தச் செலவில் கண்டுகொண்டிருக்கிறது. 2015இல் நடந்த சமூக, கல்விக் கணக்கெடுப்பின் அறிக்கை 2024 பிப்ரவரியில்தான் அரசின் கைக்கு வந்தது. அதை ஒத்திவைத்துவிட்டு 2025 செப்டம்பரில் புதிய கணக்கெடுப்பு தொடங்கியது. வீட்டு வாசலில் கணக்கெடுப்பாளர் நின்றதும் எழுந்த கேள்வி எண்ணிக்கை பற்றியது அல்ல. மதம் என்ற இடத்தில் எதை எழுதுவது, சாதி என்ற இடத்தில் எதை, உட்சாதியில் எதை என்பதுதான். இந்து என்பதா, லிங்காயத் என்பதா, வீரசைவ-லிங்காயத் என்பதா என்று மடங்களும் அமைப்புகளும் வெவ்வேறு அறைகூவல் விடுத்தன. ஒவ்வொரு எண்ணும், ஒருவர் தன்னை இன்னாராகக் கருதிச் சொன்ன ஒரு சொல்லில் தொடங்குகிறது. ஆங்கிலேய அதிகாரி ஹெர்பெர்ட் ரிஸ்லி 1901 கணக்கெடுப்பில் சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்த முனைந்தபோதும் இதேதான் நடந்தது. எங்களை மேலே போடுங்கள் என்று மனுக்கள் குவிந்தன. அளக்க வந்த கோல், அளக்கப்படுவதை வளர்த்துவிட்டது. இதே ரிஸ்லியின் பட்டியல்தான் ஹைடல்பெர்கில் வேபரின் மேசையில் ‘தகவலாக’ இருந்தது.

பெங்களூருக்கு உள்ளேயே இன்னொரு சான்று உண்டு. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. திகளர்கள் தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகம். பெண் உடை தரித்து, மல்லிகைச் சரம் சூட்டிய கரகத்தைத் தலையில் ஏந்தி வருபவர் அச்சமூகத்தின் பூசாரி. உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகிறார்கள். கரகம் திரௌபதி. வழியில் அது தவக்கல் மஸ்தான் தர்காவில் நிற்கும். எண்ணுவதானால் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவு, எத்தனை போலீஸ் என்று எண்ணலாம். வாழ்ந்த தோட்டங்களும் நீர்பாய்ச்சிய ஏரிகளும் நகரத்துக்குள் புதைந்துபோன ஒரு சமூகம், ஆண்டுக்கு ஒரு முறை அந்த நகரத்தின் தெருக்களைத் தன் கால்களால் அளந்து உரிமை கொண்டாடுகிறது என்ற வாசிப்பு அந்த எண்களில் கிடைக்காது. ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் 2001இல் வெளியிட்ட ஆய்வு நூல் கரகத்தை நகரத்தின் நினைவோடு சேர்த்துத்தான் வாசிக்கிறது. எண் தேவையில்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இடஒதுக்கீடு எண் இல்லாமல் நகராது. எண்ணுக்கு முன்னும் பின்னும் பொருள் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கூர்மையானது: மக்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடலாமா? பொய் சொல்வார்கள், பொய் சொல்லாதபோதும் தங்கள் காரணம் தங்களுக்கே தெரியாமல் இருப்பார்கள். பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கரோல் உபாத்யா 2007இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல பரீட்சை. மென்பொருள் நிறுவனங்களில் கேட்டால் ஒரே பதில்: இங்கே சாதி கிடையாது, தகுதி ஒன்றுதான். சொன்னவர்கள் மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் மேல்சாதி, நகர்ப்புற, ஆங்கிலம் படித்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பொருள்கோள் என்பது ‘தகுதி’ என்ற சொல்லை வாங்கி அப்படியே அச்சடிப்பது என்றால் இங்கே அது கோட்டைவிட்டிருக்கும். உபாத்யா செய்தது வேறு. எப்படிப்பட்ட நேர்முகத் தேர்வில், எந்த உச்சரிப்புக்கு, எந்தக் கல்லூரிக்கு அந்தச் சொல் வழங்கப்படுகிறது என்று தொடர்ந்து போய்ப் பார்த்தார். 1932இல் சமூகத் தத்துவவாதி ஆல்ஃபிரட் ஷுட்ஸ் இதற்கான வழியை ஏற்கெனவே போட்டிருந்தார். மனிதர்கள் தங்கள் உலகத்துக்கு ஏற்கெனவே விளக்கம் வைத்திருக்கிறார்கள். சமூகவியலாளர் தருவது அந்த விளக்கத்தின் மேல் எழுப்பும் இரண்டாவது விளக்கம். முதல் விளக்கத்தைப் புறக்கணித்தால் கட்டடத்துக்கு அடித்தளம் இல்லை; அங்கேயே நின்றுவிட்டால் கட்டடமே இல்லை. அதோடு, புரிந்துகொள்வது ஒப்புக்கொள்வது ஆகாது. தகுதி என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டவர்தான் அதை உருப்படியாக எதிர்க்க முடியும்.

இதுவரை வந்த ஆட்சேபங்களுக்கு இந்த மரபிடம் பதில் இருக்கிறது. கடைசியான ஒன்றுக்குப் பாதிப் பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊர்த்தலைவரின் மாட்டு வீட்டில் தங்கிய பிராமணர், ஊரின் எந்தப் பகுதியைப் பார்த்திருப்பார்? ஸ்ரீநிவாஸே இதை ஒளிக்கவில்லை. தலித்துகளோடும் முஸ்லிம்களோடும் தாராளமாகப் பழக முடியாதபடி தன் இருப்பிடமும் சாதியும் தன்னைத் தடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்வது நேர்மை, ஆனால் இடைவெளி அதனால் நிரம்பிவிடாது. அவர் தந்த கோட்பாடுகளின் முகம் மேல்நோக்கியே இருப்பதும் தற்செயல் அல்ல. மேலே ஏறுகிறவர் தெரிகிறார். ஏறவே விடாமல் நிறுத்தப்பட்டவர் மங்கலாகத் தெரிகிறார். ஸ்ரீநிவாஸ் பிறந்த அதே 1916இல், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் சாதி பற்றிய கட்டுரையை வாசித்தார். சாதி எப்படி மூடப்பட்டது, யார் கதவைச் சாத்தினார்கள் என்று கேட்ட கட்டுரை அது. அந்தக் கேள்விக்கு ராம்புராவில் போதிய இடம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் அரசியல் சிந்தனையாளர் கோபால் குரு 2002இல் ஒரு கட்டுரையோடு வந்து கதவைத் தட்டினார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்வது ஒரு சிலரின் குலத்தொழிலாகவும், அனுபவத்தைத் தகவலாக வழங்குவது மற்றவர்களின் பங்காகவும் பிரிந்து கிடக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அப்போது பெங்களூரில் பணியாற்றிய தத்துவவாதி சுந்தர் சருக்கை 2007இல் அதை எடுத்து விவாதித்தார். 2012இல் இருவரும் சேர்ந்து நூலாகவே கொண்டுவந்தார்கள். சீசரைப் புரிந்துகொள்ளச் சீசராக இருக்க வேண்டியதில்லை என்பது ஜெர்மானியர்களின் பழைய நிலைப்பாடு; வேபரும் அதை ஏற்றார். சீசர் விஷயத்தில் சரி. சீசர் விரும்பினால் ஆட்சியாளராக இருப்பதை விட்டுவிட்டுப் போகலாம். விட்டுவிட்டுப் போக முடியாததுதான் தீண்டாமை அனுபவத்தின் தனித்தன்மை. ஆய்வு முடிந்ததும் ஊர் திரும்பும் வசதியுள்ளவர் அதைப் பகிர்ந்துகொண்டதாகச் சொல்ல முடியாது என்ற திசையில் சருக்கை வாதிடுகிறார். நான் இதில் முழுதாகச் சேர மாட்டேன். அனுபவித்தவர் மட்டுமே பேச வேண்டும் என்றால் ஒக்கலிகரைப் பற்றி ஒக்கலிகரும், மிராசுதாரைப் பற்றி மிராசுதாரும்தான் எழுத வேண்டியிருக்கும். அதிகாரத்தைப் பற்றிய ஆய்வுகள் அதிகாரத்தின் சுயசரிதைகளாகிவிடும். கஃப் பள்ளர் அல்ல, வெள்ளைக்காரப் பெண். ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டார், அதன் கனத்தையும் உணர்ந்தார். அதே நேரத்தில், அந்தத் தெருவிலிருந்து ஒருவர் ஆய்வாளராகவே வந்திருந்தால் இன்னும் என்னென்ன கேட்டிருப்பார் என்ற கேள்வியை அவருடைய நல்லெண்ணம் தீர்த்துவிடாது.

சித்தலிங்கையா வந்தார். 1954இல் மாகடி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, பெங்களூரில் வளர்ந்து, பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் கன்னடப் பேராசிரியரானவர். கர்நாடகத்தில் தலித் இயக்கத்தின் கவிஞர். ‘ஊரு கேரி’ என்ற அவருடைய தன்வரலாற்றின் தொடக்கத்தில், வயலில் நுகத்தடியில் மாடுகளுக்குப் பதிலாக இரண்டு பேரைப் பூட்டி ஏர் ஓட்டுவதைச் சிறுவன் பார்க்கிறான். இருவரில் ஒருவர் அவன் அப்பா. ராம்புராவிலும் ஏர் உண்டு. உழுவதும், மாடு வாங்குவதும், மாட்டின் மேல் விவசாயி வைத்த பெருமையும் ஸ்ரீநிவாஸின் பக்கங்களில் அன்போடு விரிகின்றன. இரண்டும் பழைய மைசூர்ச் சீமைதான், காலமும் அதிகம் தள்ளியில்லை. சித்தலிங்கையாவைக் கவிஞர் என்றும் தன்வரலாற்றாசிரியர் என்றும் கொண்டாடினார்கள். ஆனால் அவருடைய டாக்டர் பட்ட ஆய்வு கிராம தேவதைகளைப் பற்றியது: அம்மன்களைத் திட்டும், பேரம் பேசும், கேலி செய்யும் பக்தர்கள், அவர்களோடு சரிக்குச் சரி சண்டை போடும் சாமிகள். வேபர் தேடிய கர்மக் கோட்பாட்டுக்கு அந்த உலகத்தில் வேலை குறைவு. ஹைடல்பெர்கில் அந்த ஆய்வு கிடைத்திருந்தால் இந்து சமயம் பற்றிய நூலின் பல பக்கங்களை வேபர் திருத்தி எழுத நேர்ந்திருக்கும். இங்கே அதைப் பெரும்பாலும் நாட்டாரியல் அலமாரியில் வைத்தார்கள். சமூகவியல் வகுப்பின் பாடப்பட்டியலில் ராம்புரா இருக்கிறது.